பித்தளைக் கழுத்து

கிருஷாந்துக்குப் பயம் வந்தால் வாய் நீண்டுவிடும். அன்று காலை பத்தரை மணிக்குக் கட்டைபறிச்சானில் பஸ்ஸை விட்டு இறங்கியதிலிருந்து அவன் வாய் ஒரு நிமிடம்கூட ஓய்ந்திருக்கவில்லை. இப்போது அவன் நின்றது இராசையாவின் வீட்டு முற்றத்தில், பொலிஸார் பார்த்துத் திருப்பிக் கொடுத்த மீன் லொறிக்குப் பக்கத்தில்.

"அக்கா, இந்த லொறியைப் பார்த்தால் செத்தது இராசையா ஐயா இல்லை, லொறிதான் எண்டு சனம் நினைக்கும். ஐயாவின்ர படத்தில கிடக்கிற மாலையில பாதியை இதுக்கும் போடலாம்."

"நீர் ரோர்ச்சை ஆட்டாமல் பிடியும்," என்றாள் அஞ்சலினா.

ரோர்ச் வெளிச்சம் ஆடியதற்குக் காரணம் பயம்தான். அது அவளுக்கும் தெரியும். அஞ்சலினா பதினொரு வருடம் காப்புறுதிக் கம்பனி ஒன்றுக்காக அடிபட்ட வாகனங்களைப் பார்த்துப் பார்த்துப் பொய்களைப் பொறுக்கி எடுத்தவள். அந்த வேலையை விட்டுவிட்டு, திருகோணமலை நகரத்தில் சந்தைக்குப் பின்னால் ஒரு மாடியறையில் துப்பறியும் கந்தோர் நடத்துகிறாள். கிருஷாந்த் அவளுக்கு ஓட்டோக்காரன், படம் பிடிப்பவன், வாயாடி, எல்லாம். ஓட்டோ பழுதாகிக் கிடந்ததால்தான் இன்று பஸ். இதுவரை பார்த்த வழக்குகள் எல்லாம் ஊரார் வழக்குகள். இது அவன் வீட்டு வழக்கு. றிமாண்ட் சிறையில் இருப்பவன் அவனுடைய தம்பி மதுசன்.

நடந்தது இதுதான். இரண்டு கிழமைக்கு முன்னர் இராசையாவின் பழைய மீன் லொறி உவர்மலை இறக்கத்தில் வந்துகொண்டிருந்தபோது எஞ்சினில் இருந்த எண்ணெய் முழுவதும் ஒரே மூச்சில் வெளியே போய்விட்டது. எஞ்சின் இறுகியது. எஞ்சின் நின்றால் அந்த லொறியின் பிரேக் மிதி கல்லாகிவிடும், மிதித்தாலும் பிடிக்காது. மதிலில் மோதி இராசையா அந்த இடத்திலேயே போய்ச் சேர்ந்தார். அதற்கு மூன்று நாள் முன்னர்தான் மதுசன் தன் கராஜில் வைத்து அந்த லொறிக்கு எண்ணெய் அழுத்தம் காட்டும் முள்மீற்றர் ஒன்றைப் பூட்டிக் கொடுத்திருந்தான். பொலிஸார் எஞ்சின் மூடியைத் திறந்தபோது, மீற்றருக்கான சென்சர் கழுத்து முறிந்து வயரில் தொங்கியது. கவனக்குறைவால் மரணம் என்று எழுதி மதுசனை உள்ளே போட்டுவிட்டார்கள். இன்று பின்னேரம் இரண்டு மணிக்குக் கோட்டில் பிணை விசாரணை. புதிதாக ஒன்றைக் கையில் கொண்டு வராவிட்டால் பிணையை மறந்துவிடுங்கள் என்று லோயர் சொல்லிவிட்டார்.

"மதுசன் சொன்னதைத் திரும்பச் சொல்லும். பகிடி இல்லாமல்," என்றாள் அஞ்சலினா, எஞ்சினுக்குள் தலையை விட்டபடி.

"பழைய இஞ்சின், குளிர்காய்ச்சல்காரன் மாதிரி உதறும் அக்கா. அதின்ர உடம்பில மூண்டுவாய்ப் பித்தளைத் துண்டைப் பூட்டி, அதில இந்தப் பாரமான சென்சரைத் தொங்கவிட்டால் உதறி உதறிப் பித்தளைக் கழுத்து முறிஞ்சிடும். அதால அவன் இஞ்சினில பூட்டவே இல்லையாம். சின்ன ஹோஸ் ஒண்டு இழுத்து, சென்சரைக் கபினுக்கு முன்னால இருக்கிற தகட்டிலதான் பூட்டினவனாம். தகடு உதறாதாம்."

"இப்ப ஹோஸ் எங்க?"

"அதைத்தான் பொலிஸும் கேட்டது. ஹோஸும் இல்லை, மண்ணும் இல்லை. பித்தளைத் துண்டு மட்டும் இஞ்சினில பல்லை இளிச்சுக்கொண்டு நிக்குது."

அஞ்சலினா தகட்டைத் தடவினாள். இரண்டு துளைகள் இருந்தன. ஒன்றைச் சுற்றிப் பெயின்ற் வட்டமாகச் சுரண்டப்பட்டு இரும்பு வெள்ளையாகத் தெரிந்தது.

"இரும்பில தொட்டால்தான் சென்சர் வேலை செய்யும். அதுக்குத்தான் சுரண்டியிருக்கிறார். உம்மட தம்பி பொய் சொல்லேல்லை. இதைப் பிறகு ஆரோ, முறியட்டும் எண்டே இடம் மாத்தியிருக்கினம்."

கிருஷாந்த் ரோர்ச்சை நிறுத்தினான். "அப்ப காணுமே அக்கா, போவமே?"

"துளை போட்டிட்டு மனம் மாறினவன் எண்டு சொல்லுவினம். துளை சாட்சி சொல்லாது." அவள் பித்தளைத் துண்டின் அடியில் வெளிச்சம் அடிக்கச் சொன்னாள். "மதுசன் இறுக்கின ஒவ்வொரு பூட்டிலயும் மஞ்சள் பெயின்றால பொட்டு வைப்பார் எண்டு சொன்னனீர் எல்லோ?"

"ஓம். கல்யாண வீட்டு வாசலில பொட்டு வைக்க நிக்கிற மாதிரி ஒரு நட்டையும் விடமாட்டான்."

"இதில பொட்டு இல்லை. சரி, இது என்ன?"

முறிந்த சென்சரிலிருந்து இரண்டு வயர்கள் போயின. ஒன்று மீற்றருக்கு. மற்றது கறுப்பு வயர். அது எஞ்சினைச் சுற்றி, கட்டுப் போட்டு, ஒழுங்காகப் பற்றரி வரைக்கும் போயிருந்தது.

"இது ஏன்?" என்றான் கிருஷாந்த்.

"அதுதான் கேள்வி. இஞ்சின் இரும்பு. லொறியும் இரும்பு. லொறியில அந்த இரும்புதான் மற்ற வயர். இஞ்சினிலேயே பூட்டின சென்சருக்கு இப்படி ஒரு கறுப்பு வயர் தேவையே இல்லை. லொறி வேலை தெரிஞ்ச ஒருத்தரும் இதைப் போடமாட்டினம்."

"அப்ப ஆர் போடுவினம்?"

"உடம்பு இரும்பா இல்லாத ஒண்டில வேலை பழகினவன். எதைப் பூட்டினாலும் பற்றரிக்கு ஒரு திரும்பு வயர் இழுக்க வேணும் எண்டு கை பழகிப்போனவன்."

"மாட்டுவண்டிக்காரனோ?"

"ஃபைபர் போட்காரன்."

கிருஷாந்த் திரும்பிப் பார்த்தான். வேலிக்கு அப்பால் கரையில் வரிசையாக ஃபைபர் போட்டுகள் கிடந்தன. இந்த ஊரில் பாதி ஆம்பிளைகளுக்கு அந்தக் கை இருக்கிறது. அவர்களில் ஒருத்தன் ஒரு மனிதனைக் கொன்றுவிட்டு, பழியை மதுசனின் தலையில் கட்டியிருக்கிறான்.

"மிஸ், தேத்தண்ணி."

இருவரும் திடுக்கிட்டுத் திரும்பினார்கள். தட்டோடு நின்றவன் திலக்சன், இராசையாவின் அக்கா மகன். தாய் தகப்பன் இல்லாமல் இந்த வீட்டிலேயே வளர்ந்தவன். காலையில் கேற்றைத் திறந்துவிட்டதும் அவன்தான், லொறிக்கு மேல் கிடந்த தறப்பாளை இழுத்துப் போட்டதும் அவன்தான்.

"ஏதும் பிடிபட்டதோ?" என்று கேட்டான்.

"எங்க பிடிபடுறது? உங்களுக்கு இஞ்சின் வேலை தெரியுமே தம்பி?"

"ஐயோ, எனக்குச் சுக்கான் பிடிக்க மட்டும்தான் தெரியும் மிஸ். என்ர போட் இஞ்சினைச் சல்லி ஊரிலயிருந்து ஒருத்தர் வந்துதான் பார்க்கிறவர்."

அவனுக்குப் பின்னால் கமலாதேவி வந்து நின்றாள். இராசையாவின் மனைவி. இரண்டு கிழமையில் பத்து வயது கூடியவள் போல இருந்தாள். லொறியைப் பார்க்காமல் தரையைப் பார்த்தபடி பேசினாள்.

"கடைசிக் கிழமை முழுக்க மனுசன் கோவத்திலதான் திரிஞ்சவர், பிள்ளை. ஆரோ குடுத்த மீன் கூடையை முத்தத்தில கொட்டினவர். முள்ளு உடைஞ்ச மீன் என்ர லொறியில ஏறாது, நேவியிட்டச் சொல்லுவன் எண்டு கத்தினவர்."

"ஆர் குடுத்த மீன் அம்மா?"

"அதை எனக்குச் சொல்லேல்லை."

முள் உடைந்த மீன் என்றால் சட்டவிரோதமாக டைனமைட் போட்டுப் பிடித்த மீன். கடலோரத்தில் பிறந்த யாருக்கும் அதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. கிருஷாந்த் மணிக்கூட்டைப் பார்த்தான். பன்னிரண்டு மணி. அடுத்த பஸ் ஒரு மணிக்கு.

"பஸ்ஸில போனால் கோட்டுக்கு நேரம் காணாது," என்றாள் கமலாதேவி. "திலக்சன்ர போட்டில போங்கோ. முக்கால் மணித்தியாலத்தில ஜெட்டியில விட்டிடுவான். என்ன தம்பி?"

திலக்சன் ஒரு கணம் தயங்கினான். பிறகு தலையாட்டினான். "மாமி சொன்னால் சரிதான்."

கிருஷாந்த் ஓரடி பின்வாங்கினான். பன்னிரண்டு வயதில், சுனாமி வந்த அந்த மார்கழிக் காலையில், கடல் அவன் வீட்டுக்குள் வந்து அம்மாவைக் கொண்டுபோனது. அதன் பிறகு அவன் கடலில் கால் நனைத்ததில்லை. நீந்தவும் தெரியாது.

"அக்கா, நான் நடந்து வாறன். ஒரு கிழமையில வந்திடுவன்."

"உம்மட தம்பிக்கு இரண்டு மணிக்கு வழக்கு," என்றாள் அவள். அவன் ஏறினான்.

திலக்சனின் போட் ஃபைபர் போட். நடுவில் பலகைப் பெட்டிக்குள் பழைய லொறி எஞ்சின் ஒன்றைப் போட்டிருந்தான். கிருஷாந்த் அந்தப் பெட்டியைக் கட்டிப்பிடித்தபடி உட்கார்ந்தான். பின்னால் சுக்கானைப் பிடித்துக்கொண்டு திலக்சன் நின்றான். அவன் முழங்காலுக்கு முன்னால் ஒரு சிறிய பலகையில் முள்மீற்றர் ஒன்று இருந்தது. அஞ்சலினா முன்னால் இருந்து கொட்டியாரக் குடாவைச் சுற்றுலாக்காரி மாதிரிப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

கால் மணி நேரம் போயிருக்கும். அலை ஒன்று போட்டைத் தூக்கிப் போட்டதில் எஞ்சின் பெட்டியின் மூடி ஒரு சாண் விலகியது. அதைச் சரிசெய்யக் குனிந்த கிருஷாந்த் குனிந்தபடியே உறைந்துவிட்டான்.

உள்ளே, எஞ்சினை விட்டுத் தள்ளி, பெட்டியின் பக்கப் பலகையில் ஒரு எண்ணெய் சென்சர் பூட்டியிருந்தது. எஞ்சினிலிருந்து அதற்கு ஒரு சின்ன ஹோஸ் போனது. சென்சரிலிருந்து ஒரு கறுப்பு வயர் பற்றரிக்குப் போனது. பலகையில் மின்சாரம் ஓடாது என்பதால் இங்கே அது தேவைதான். ஆனால் அவனை உறைய வைத்தது அந்த வயர் இல்லை. ஹோஸின் இரண்டு முனைகளிலும் ஒவ்வொரு மஞ்சள் பொட்டு இருந்தது.

மதுசனின் பொட்டு. மதுசனின் ஹோஸ். நல்ல ஹோஸை எறிய எந்தக் கடற்காரனுக்கும் மனம் வராது. மாமனின் லொறியிலிருந்து கழற்றியவன் அதைக் கொண்டுவந்து தன் போட்டில் போட்டுக்கொண்டான். பெட்டியின் மூலையில், சாக்கால் மூடியும் மூடாமலும், திரி வைத்த மூன்று சின்னப் போத்தல்கள் கிடந்தன. முள் உடைந்த மீன் எங்கிருந்து வந்தது என்பதும் அவனுக்கு விளங்கிவிட்டது.

கிருஷாந்த் மெல்ல நிமிர்ந்தான். திலக்சன் அவனையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"என்ன அண்ணை, உள்ளுக்குப் பார்த்தீங்களோ?"

"பா... பார்த்தன். நல்ல சுத்தமா வைச்சிருக்கிறீர். எங்கட வீட்டுக் குசினிகூட இப்பிடி இல்லை."

திலக்சன் சிரிக்கவில்லை. சுக்கானைத் திருப்பினான். நகரம் இருந்த பக்கம் மெல்ல இடப்பக்கமாக விலகியது. போட்டின் மூக்கு கிழக்கே, வெளிக்கடலைப் பார்த்தது.

"இது ஜெட்டிக்குப் போற வழி இல்லையே தம்பி," என்றாள் அஞ்சலினா.

"ஒரு வலை கிடக்கு மிஸ். பார்த்திட்டுப் போவம். அஞ்சு நிமிசம்."

கிருஷாந்த் எஞ்சின் பெட்டியை இன்னும் இறுக்கிப் பிடித்தான். வெளிக்கடலில் இரண்டு பேர் தவறி விழுந்தார்கள் என்று திலக்சன் கரைக்குப் போய் அழுதால் யார் கேட்கப்போகிறார்கள்? ஒருவனுக்கு நீந்தத் தெரியாது என்பது ஊருக்கே தெரியும். தம்பி இரண்டு மணிக்குக் கூண்டில் நின்று வாசலைப் பார்ப்பான். அண்ணன் வரமாட்டான். இதை நினைத்தபோது அவனுக்கு அழுகை வந்தது. அவன் அதை மறைக்கவும் இல்லை.

அஞ்சலினா அவன் பக்கம் திரும்பினாள். அவள் முகமும் வெளிறித்தான் இருந்தது. குரல் மட்டும் சாதாரணமாக வந்தது.

"கிருஷாந்த், காலமை ஒரு கறுப்பு வயரைப் பார்த்தம். லொறியில அது தேவையில்லாத வயர். ஃபைபர் போட்டில அதைக் கழட்டினால் என்ன நடக்கும்?"

அவளுக்கும் தெரிந்துவிட்டது. கிருஷாந்தின் பயந்த மூளை மெதுவாக அந்தக் கேள்விக்குள் ஊர்ந்தது. வயரைக் கழற்றினால் எஞ்சினுக்கு ஒன்றும் ஆகாது. மீற்றருக்குத்தான் சேதி போகாது.

மூடி விலகிய இடைவெளியால் கையை விட்டான். சூடான எஞ்சின் முழங்கையைச் சுட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு கறுப்பு வயரைப் பிடித்து இழுத்தான்.

திலக்சனின் முழங்காலுக்கு முன்னால் முள் சட்டென்று பூச்சியத்துக்கு விழுந்தது.

எண்ணெய் போனால் எஞ்சின் ஒரு நிமிடத்தில் இறுகும் என்பது அவனைவிட யாருக்குத் தெரியும்? அவன் முகத்தில் இரத்தம் இல்லை. எஞ்சினை நிறுத்திவிட்டுச் சுக்கானை அப்படியே விட்டு ஓடிவந்தான். மூடியை இழுத்தெறிந்தான். எண்ணெய் அளக்கும் கம்பியை அவன் தொடவே இல்லை. அவன் கை நேராக ஹோஸின் கழுத்துக்குப் போனது.

"சுக்கான் மட்டும்தான் தெரியும் எண்டனீங்கள்," என்றாள் அஞ்சலினா.

அவள் எழுந்து நின்றிருந்தாள். கழுத்தில் கிடந்த சிவப்புச் சால்வையைத் துடுப்பின் நுனியில் கட்டி, இரண்டு கையாலும் நிமிர்த்திப் பிடித்திருந்தாள். துடுப்பில் துணி ஏறினால் எஞ்சின் நின்றுபோனது என்று பொருள். அதைக் கண்டும் காணாததுமாகப் போகிற மீனவன் அந்தக் குடாவில் இல்லை. அரை மைலுக்கு அப்பால் நின்ற இரண்டு சல்லிப் போட்டுகளும் அப்போதே மூக்கைத் திருப்பிவிட்டன.

திலக்சன் அவற்றைப் பார்த்தான். கழன்று கிடந்த வயரைப் பார்த்தான். இடுப்பிலிருந்து மீன் கத்தியை எடுத்தான்.

அவன் பாய்ந்தது அவர்கள் மேல் இல்லை. ஹோஸின் மேல். அதை அறுத்துக் கடலில் போட்டுவிட்டால் மதுசன் சொன்னதற்குச் சாட்சியே இல்லை.

கிருஷாந்த் அந்த நேரத்தில் எதையும் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் செய்திருக்கமாட்டான். அப்படியே பெட்டிக்குள் குப்புற விழுந்து, கொதிக்கிற எஞ்சினை ஹோஸோடு சேர்த்துக் கட்டிப்பிடித்துக்கொண்டான். சட்டை கருகியது. நெஞ்சு எரிந்தது. போட் ஒருபக்கம் சரிந்து தண்ணீர் முகத்தில் அடித்தது. "விடமாட்டன்! விடமாட்டன்!" என்று கத்தினான். கத்தி அவன் முதுகுக்கு மேல் நின்றது.

"அவங்கள் பார்த்துக்கொண்டு வாறாங்கள், தம்பி," என்றாள் அஞ்சலினா. துடுப்பை இன்னும் உயர்த்தினாள். "இப்ப ஒரு கொலைக்குத்தான் ஆள் நீங்கள். அதை மூண்டாக்காதேங்கோ."

கத்தி அசையாமல் நின்றது. சல்லிப் போட்டிலிருந்து யாரோ "என்ன, இஞ்சின் நிண்டிட்டுதோ?" என்று கூப்பிட்டார்கள். அந்தக் குரல் கேட்டதும் திலக்சனின் கை தானாகத் தாழ்ந்தது. அவன் விளிம்பில் உட்கார்ந்தான்.

"மாமா நேவியிட்டச் சொல்லப் போறன் எண்டவர் மிஸ். எவ்வளவோ கெஞ்சினனான்." கத்தி நுனியால் விளிம்பைச் சுரண்டினான். "மாமிக்கு மட்டும் சொல்லாதேங்கோ. அவ தாங்கமாட்டா."

அஞ்சலினா துடுப்பைத் தாழ்த்தினாள்.

"மாமிதான் எங்களை இந்தப் போட்டில ஏத்திவிட்டவ," என்றாள்.

எஞ்சினுக்கு மேல் கிடந்த கிருஷாந்த் தலையைத் தூக்கினான். "என்ன?"

"லொறி மோதினதுக்கு முதல்நாள் விடிய, கிணத்தடியில இவர் கையிலயிருந்த இஞ்சின் கறுப்பை மண்ணெண்ணெய் போட்டுக் கழுவினதைக் கண்டவவாம். இஞ்சின் தொடாத பிள்ளைக்குக் கையில என்ன கறுப்பு எண்டு இரண்டு கிழமையா நித்திரை இல்லை. அவவுக்கு இஞ்சின் விளங்காது. நான் வந்து இவரின்ர போட்டைப் பார்க்கவேணும் எண்டு கேட்டவ."

"தெரிஞ்சு கொண்டோ என்னை இதில ஏத்தினீங்கள்?"

"உமக்குச் சொல்லியிருந்தால் கரையிலேயே உம்மட முகம் எல்லாத்தையும் கொட்டியிருக்கும். பட்டப்பகலில துணியமாட்டார் எண்டு நினைச்சன். அது என்ர பிழை. எனக்கும் பயம்தான், கிருஷாந்த்."

திலக்சன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"காலமை எனக்குப் புட்டும் மீன்குழம்பும் போட்டுத் தந்தவ," என்றான். "இன்னும் கொஞ்சம் சாப்பிடு எண்டு சொன்னவ."

"ஓம். நீங்கள் சாப்பிட்டுக் கை கழுவினாப் பிறகுதான் எனக்குப் போன் எடுத்தவ."

கத்தி அவன் கையிலிருந்து நழுவித் தண்ணீரில் விழுந்தது. அவன் முகத்தைப் பொத்திக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி அழுதான்.

சல்லிப் போட் அருகில் வந்தது. அதிலிருந்து கயிறு ஒன்று வந்து முன்பக்கத்தில் விழுந்தது. அஞ்சலினாவுக்கு அதை என்ன செய்வது என்று தெரியவில்லை. கிருஷாந்த் ஹோஸை விட்டு எழும்பத் தயாராக இல்லை. கயிறு வழுக்கிக் கடலுக்குள் போகப் பார்த்தது. திலக்சன் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, முன்னால் போய், அதைப் பிடித்து இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கிக் கட்டினான். அந்தப் போட்டில் கயிறு கட்டத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான்.

"சரி, இழுங்கோ," என்று அவனே சத்தம் போட்டான்.

போட்டின் மூக்கு நகரத்தின் பக்கம் திரும்பியது. மணி ஒன்று பத்து. மதுசனை வெளியே எடுக்க இன்னும் ஐம்பது நிமிடம் இருந்தது.